தேசத்தின்மேல் நியாயத்தீர்ப்பு: அது அவருக்கு எப்படித் தெரியும்?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 3

"ஒரு நாட்டில் நிலநடுக்கமோ போரோ கொள்ளைநோயோ வந்ததும், அது இன்ன பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று ஓர் ஊழியக்காரர் அறிவித்தால் எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள். எரேமியாவும் ஆமோசும் சொன்னது வேறென்ன? அவர்களுக்குத் தெரிந்திருந்தது, இவர்களுக்குத் தெரியாது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?"

ஜூன் 3, இரவு

கேலி பதிலாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. ஆமோஸ் புத்தகத்தின் முதல் வசனமே, அவர் பேசியது பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு என்று காலத்தைக் குறித்து வைத்திருக்கிறது. எரேமியா பேசத் தொடங்கியதற்கும் எருசலேம் விழுந்ததற்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் கிடந்தன. அந்த இடைவெளியில் அவர் அடிபட்டார், சிறைப்பட்டார், சேறு நிறைந்த துரவில் இறக்கப்பட்டார். நம் காலத்துத் தொலைக்காட்சிப் பிரசங்கியார் வாய் திறப்பதோ இடிபாடுகளைப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான். முன்கூட்டிச் சொன்ன வார்த்தை நிறைவேறாவிட்டால் அதை ஆண்டவர் சொல்லவில்லை என்று உபாகமம் 18 ஒரு சோதனையைத் தருகிறது. நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்பவரை அந்தச் சோதனையில் நிறுத்தவே வழியில்லை, ஏனென்றால் அவர் சொன்னது பொய்த்துப்போக இடமே கிடையாது. பொய்த்துப்போகும் ஆபத்தை ஏற்காத பேச்சைத் தீர்க்கதரிசனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 4

பொதுவாகப் பேசினால் நழுவிக்கொண்டே போகும் என்பதால் ஒரு நிகழ்வைக் கையில் எடுக்கிறேன். 2001 செப்டம்பர் 13 அன்று, அதாவது நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்து இரண்டே நாட்களில், அமெரிக்கப் பிரசங்கியார் ஜெரி ஃபால்வெல், இன்னொரு பிரசங்கியாரான பாட் ராபர்ட்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசினார். கடவுள் அமெரிக்காவின்மேல் போட்டிருந்த பாதுகாப்புத் திரையை விலக்கிக்கொண்டார் என்பதும், அதற்குக் காரணமானவர்கள் கருக்கலைப்பு செய்பவர்கள், பெண்ணியவாதிகள், தன்பாலீர்ப்பாளர்கள், குடியுரிமைகளுக்காக வழக்காடும் அமைப்பினர் ஆகியோரே என்பதும் அவர் பேச்சின் சாரம். ராபர்ட்சன் முழு மனதோடு ஆமோதித்தார். வெள்ளை மாளிகையே முகம் சுளித்தபின் ஃபால்வெல் வருத்தம் தெரிவித்தார்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் ஃபால்வெல்லின் சபையார் ஒருவரும் இல்லை. அவருக்குக் காணிக்கை அனுப்புகிறவர்களும் இல்லை. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளாக அவர் அரசியல் மேடையில் யார் யாரை எதிர்த்துவந்தாரோ அவர்கள் மட்டுமே இருந்தார்கள். கடவுள் தம் கோபத்தை வெளிப்படுத்தும்போது அது ஓர் ஊழியக்காரரின் தேர்தல் எதிரிகள் பட்டியலோடு பெயர் தவறாமல் ஒத்துப்போகிறதென்றால், வெளிப்பாடு எங்கிருந்து வந்தது என்று சந்தேகப்படுவது அவிசுவாசம் ஆகாது. தானியேல் 9ஆம் அதிகாரத்தின் ஜெபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றமற்றவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர் "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று தம்மையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

அந்த நாளில் நியூயார்க்கில் இறந்தவர்களுள் அதிகாரபூர்வமாக முதலாவது எண் பெற்றவர் தீயணைப்புத் துறையின் ஆன்மப் பணியாளரான பிரான்சிஸ்கன் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜ். கோபுரத்துக்குள் தம் ஆட்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் தன்பாலீர்ப்புள்ளவர் என்பது நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்திருந்தது. இதை வாதமாக வைக்கவில்லை, பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

ஜூன் 6

"ராபர்ட்சன் வெறும் அரசியல்வாதி, அவரை வைத்து எல்லோரையும் அளக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. 2006 ஜனவரியில் இஸ்ரேல் பிரதமர் ஆரியல் ஷரோன் பக்கவாதத்தில் விழுந்தபோது, கடவுளுடைய நிலத்தைப் பங்கிட்டதற்கான விளைவு அது என்று ராபர்ட்சன் பேசினார். அப்போது கலிலேயாவில் ஒரு கிறிஸ்தவப் பாரம்பரிய மையம் கட்ட இஸ்ரேல் அரசோடு அவர் தரப்பு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. அவரை அந்தத் திட்டத்திலிருந்து விலக்குவதாகச் சுற்றுலா அமைச்சகம் அறிவித்தது; சில நாட்களில் ஷரோனின் மகனுக்கு மன்னிப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தது. பரலோகத்துத் தீர்ப்பு ஒன்று சுற்றுலா அமைச்சகத்தின் மேல்முறையீட்டில் தள்ளுபடியானதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஜூன் 7

ஹெய்ட்டியைப் பற்றிக் கேட்டவருக்கு. 2010 ஜனவரி 12 மாலையில் போர்ட்டோ பிரின்ஸ் நகரை ஒட்டி 7.0 அளவில் நிலம் நடுங்கியது. மறுநாளே ராபர்ட்சன், அந்நாட்டின் அடிமைகள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபடப் பிசாசோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்றும், அன்று முதல் சாபம் தொடர்கிறது என்றும் சொன்னார். 1791 ஆகஸ்டில் புவா கெய்மான் என்ற இடத்தில் அடிமைகள் கூடிச் சடங்கு நடத்திக் கிளர்ச்சியைத் தொடங்கியதாகச் சொல்லப்படுவதைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். அவர்களை ஒடுக்கியவராக மூன்றாம் நெப்போலியனையும் சுட்டினார். மூன்றாம் நெப்போலியன் பிறந்தது 1808இல். ஹெய்ட்டி விடுதலை பெற்றது 1804இல். பிசாசோடு செய்த உடன்படிக்கையின் விவரம் வரை தெரிந்தவருக்கு மன்னர் யார் என்பது தெரியவில்லை.

ஆனால் சிரிப்போடு விட்டுவிட முடியாத பகுதி இனித்தான் வருகிறது. ஹெய்ட்டியின் வறுமைக்குக் கண்ணால் காணக்கூடிய ஒரு பத்திரம் உண்டு. 1825இல் பிரான்ஸின் பத்தாம் சார்லஸ் மன்னர் போர்க்கப்பல்களை அனுப்பி, அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு ஈடாக 150 மில்லியன் பிராங்க் கொடுத்தால்தான் உங்கள் விடுதலையை அங்கீகரிப்போம் என்று மிரட்டினார். அந்தத் தொகை பின்னர் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்கு வாங்கிய கடனும் வட்டியும் தீர 1947 ஆயிற்று. விடுதலை பெற்ற அடிமை, தன்னை அடித்தவனுக்குத் தன் உடலின் விலையைத் தானே தவணை முறையில் கட்டினான். தீர்க்கதரிசிகளின் புத்தகத்தைத் திறந்தவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் இதுதான். அங்கே அவருடைய கோபம் தூங்கிவிட்டது.

நிலநடுக்கத்தின் அளவையும் பாருங்கள். அடுத்த மாதமே சிலி நாட்டில் 8.8 அளவில் நடுங்கியது. வெளிப்பட்ட ஆற்றல் ஹெய்ட்டியினுடையதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. இறந்தவர்கள் 500 சொச்சம். ஹெய்ட்டியிலோ உயிரிழப்பை எண்ணி முடிக்கவே முடியவில்லை. கம்பி குறைந்த கான்கிரீட்டும், விதிகளைப் பின்பற்றிக் கட்டிய கட்டடமும் இடையே நிற்கின்றன. சிலியின் பாவம் குறைவு என்று எந்த ஊழியக்காரரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இறந்தவர்களுள் போர்ட்டோ பிரின்ஸ் பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ இருந்தார். ஏழைக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக்காகப் பிரேசில் முழுக்க உழைத்த மருத்துவர் சில்டா ஆர்ன்ஸ், பேச அழைக்கப்பட்டு வந்திருந்த இடத்திலேயே இறந்தார்.

ஜூன் 7, பிற்பகல்

நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ராபர்ட்சன் தொடங்கிய நிவாரண அமைப்பு அந்த ஹெய்ட்டியிலேயே மருந்தும் தண்ணீரும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சாபம் என்று சொன்ன அதே வாயால்தான் நன்கொடையும் கேட்கப்பட்டது. இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படிக் குடியிருந்தன என்பது எனக்குப் பிடிபடவில்லை. வில்லனாக எழுதிவிட்டால் வேலை சுலபம்.

ஜூன் 10

இது வெளிநாட்டுக் கதை மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறியபோது நான் குமரி மாவட்டத்தில் இருந்தேன். குளச்சல், கொட்டில்பாடு பக்கத்திலிருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். படிவம் நிரப்ப ஆள் தேவை என்று கூப்பிட்டதால் நானும் போய் உட்கார்ந்தேன். கடற்கரை மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். உள்நாட்டில் நாங்கள் சீர்திருத்தச் சபையார். சில வாரங்களில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கன்வென்ஷன் பந்தல் போடப்பட்டது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், பெயர் வேண்டாம், கரையோரத்து விக்கிரகங்களினிமித்தம் கடல் புறப்பட்டது என்று இரண்டாம் நாள் கூட்டத்தில் முழங்கினார். பந்தலில் "ஆமென்" எழுந்தது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், எழுந்து போகவில்லை.

குழாய் ஒலிபெருக்கியின் சத்தம் முகாம் வரை போயிருக்கிறது. மறுநாள் காலையில் ஓர் அம்மா, நனைந்து இதழ் இதழாகப் பிரிந்திருந்த குடும்ப அட்டையை வகுப்பறை பெஞ்சின்மேல் விரித்து, நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். அட்டையில் ஐந்து பெயர்கள் இருந்தன. நான் படிவத்தில் இரண்டு பெயர்களை எழுதினேன். எழுதி முடித்தபின் அவர் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி பேசினாரே, அந்த ஐயா இங்க வருவாரா, சார்?" கோபமாகக் கேட்டாரா, ஜெபிக்க ஒருவர் வேண்டும் என்று கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வரவில்லை.

அதே வாரங்களில் வேளாங்கண்ணியைப் பற்றி இரு பேச்சுகள் காதில் விழுந்தன. தேவாலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை, அது அற்புதம் என்றார்கள் ஒரு சாரார். கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள், அது நியாயத்தீர்ப்பு என்றார்கள் மறுசாரார். தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது என்பதிலிருந்து இரண்டு இறையியல்கள் கட்டப்பட்டன.

ஜூன் 11

மேலே எழுதியதோடு சேர்த்து லிஸ்பன் நகரத்தையும் நினைத்துக்கொள்ளலாம். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். காலைப் பூசைக்குக் கோயில்கள் நிரம்பியிருந்த வேளையில் நிலம் ஆடியது. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுதிரிகளிலிருந்தும் தீ பரவியது, கடலும் ஏறியது. பிரேசிலில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து திரும்பிய இயேசு சபைத் துறவி கேப்ரியல் மலக்ரிடா, இது இயற்கையின் செயல் என்று சொல்வதே பாவம் என்றும், நாடகம், நடனம், காளைச்சண்டை ஆகியவற்றுக்கான தண்டனை இது என்றும் 1756இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதே அதிர்ச்சியைக் குறித்து இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியும் எழுதினார். இவ்வளவு இரத்தம் சிந்தப்பட்ட இடத்தில் கடவுள் கணக்குக் கேட்கத் தொடங்கியதில் வியப்பில்லை என்று, மதவிரோதிகள் எனப்பட்டவர்களைத் தண்டித்துவந்த கத்தோலிக்க மதவிசாரணை மன்றத்தை நோக்கிக் குறிப்புக் காட்டினார். கத்தோலிக்கப் பக்தி குறைந்ததற்காகத் தண்டனை என்று ஒருவர், கத்தோலிக்கக் கொடுமைக்காகத் தண்டனை என்று மற்றவர். இருவரும் பக்திமான்கள், இருவரும் தங்கள் வாழ்வையே கொடுத்தவர்கள், அதிர்ச்சி ஒன்றே.

மலக்ரிடாவின் முடிவு கொடியது. போர்ச்சுகல் மந்திரி பொம்பால் அவரை முதலில் நாடுகடத்தி, பின்னர் சிறையிலிட்டார். சிறையில் அவர் எழுதிய பக்தி நூல்களைக் காரணம் காட்டி, பொம்பாலின் சொந்தச் சகோதரர் தலைமையில் இருந்த மதவிசாரணை மன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 1761இல் ரோசியு சதுக்கத்தில் 70 வயதைக் கடந்த கிழவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். பொம்பாலை அறிவொளியின் நாயகன் என்று கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகிறார்கள்.

ஆனால் பொம்பால் காலத்தில் நடந்த இன்னொரு காரியம் எனக்குப் பிடிக்கும். நாடெங்கும் உள்ள பங்குக் குருமாருக்கு ஒரு கேள்வித்தாள் போனது. அதிர்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா வடிந்ததா, எத்தனை பேர் இறந்தார்கள், தரையில் பிளவு தோன்றியதா? பாவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை. பதில் எழுதியவர்கள் அத்தனை பேரும் பாதிரியார்கள்.

ஜூன் 14

ஜூன் 4 அன்று நான் வைத்த அளவுகோலை ஒருவர் நன்றாகவே உரசிப் பார்த்திருக்கிறார். உண்மையான தீர்க்கதரிசி தன் சொந்த மக்களின் பாவத்தைச் சொல்வார், தம்மையும் சேர்த்துக்கொள்வார் என்றால், ஆமோஸ் என்ன ஆவார்? அவர் தெற்கே யூதாவின் தெக்கோவா ஊர்க்காரர். வடக்கே இஸ்ரவேலின் பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். உன் நாட்டுக்குப் போய் அங்கே அப்பம் தின்று தீர்க்கதரிசனம் சொல் என்று ஆசாரியன் அமத்சியா அவரை விரட்டியதே அதனால்தான். யோனாவோ பகை நாட்டின் தலைநகருக்கே போனவர்.

வலுவான எதிர்ப்புதான். ஆமோஸ் தம் புத்தகத்தில் யூதாவையும் விடவில்லை என்று பதில் சொல்லலாம், ஆனால் இரண்டே வசனங்கள்தான் அதற்கு, அது சமாளிப்பாகிவிடும். அதைவிட நான் கவனிப்பது, ஆமோஸ் குற்றம் சாட்டியவர்கள் யார் என்பதை. தரித்திரனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்கள், கள்ளத் தராசு வைத்தவர்கள், தந்தக் கட்டில்களில் படுத்தவர்கள். அவர் போய்ப் பேசியதும் ராஜாவின் பரிசுத்த ஸ்தலத்தில், ராஜாவின் ஆசாரியன் முகத்துக்கு நேரே. ஹெய்ட்டியில் கூரை விழுந்தவர்கள் தந்தக் கட்டிலில் படுத்திருக்கவில்லை.

யோனாவைப் பற்றி ஒரு வரி. சொன்ன அழிவு வராமல் போனதற்காகக் கோபித்துக்கொண்ட ஒரே தீர்க்கதரிசி அவர். அதற்காக ஓர் ஆமணக்குச் செடியைக் கொண்டு பாடம் படித்தவரும் அவரே.

ஜூன் 15

நியூ ஆர்லியன்ஸ் நினைவுக்கு வந்ததால் இடைச்செருகல். 2005 ஆகஸ்டில் கேட்ரினா புயல் வந்தது, அங்கே தன்பாலீர்ப்பாளர் ஊர்வலம் நடக்கவிருந்ததற்கான தீர்ப்பு என்று மறு ஆண்டு அமெரிக்கப் பிரசங்கியார் ஜான் ஹேகி வானொலியில் சொன்னார். அந்தக் கொண்டாட்டங்களுக்குப் பெயர்போன பிரெஞ்சு குவார்ட்டர் மேட்டுநிலம். அங்கே பெரும்பகுதியில் தண்ணீர் ஏறவில்லை. மூழ்கியது கால்வாய்ச் சுவர்கள் உடைந்த பக்கம், அதில் கறுப்பின ஏழைகளின் தெருக்களும் முதியோர் இல்லங்களும் அடக்கம். 2008இல், ஒரு வேட்பாளரை ஆதரித்ததால் தம் பழைய பேச்சுகள் தோண்டப்பட்டபோது, அந்தப் புயலில் கடவுளின் மனம் என்ன என்று எவராலும் அறிய முடியாது என்று ஹேகியே அறிக்கை விட்டார். தேர்தல் காலத்தில் அடக்கம் சீக்கிரம் கைகூடுகிறது.

ஜூன் 19

இரண்டு நாட்களாக எழுதத் தயங்கிய குறிப்பு. இதுவரை நான் எடுத்த ஆட்கள் எனக்கு வசதியானவர்கள். சொகுசான ஸ்டூடியோவில் அமர்ந்து தொலைவில் இருப்பவர்களைக் கடிந்தவர்களை மறுப்பது கடினமன்று. ஹைன்ரிக் க்ரூபர் அப்படிப்பட்டவர் இல்லை.

க்ரூபர் பெர்லினில் சீர்திருத்தச் சபையின் போதகர். நாஜி ஆட்சியில் யூத வம்சாவழியினர் வெளியேறுவதற்கு உதவ ஓர் அலுவலகம் நடத்தினார். 1940இல் கைதாகி சாக்சன்ஹவுசன், தாஹாவ் முகாம்களில் கிடந்தார். யூத அழிப்பில் முன்னின்ற நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கில், 1961இல் ஜெருசலேமில் சாட்சி சொன்ன ஜெர்மானியர். யூதர்களுக்காக நீங்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று ஐக்மன் தம்மைக் கேட்டபோது, எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனின் உவமையைப் பதிலாகச் சொன்னதாக அங்கே சாட்சியம் அளித்தார். இவருடைய துணிவுக்கு முன்னால் நம்மில் யாரும் வாய் திறக்க முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்டில், பெர்லினில் சுவர் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன் என்ற அமெரிக்க ரபி அவரைச் சந்தித்தார். ஐரோப்பாவின் யூதர்களை ஹிட்லர் அழித்தது கடவுளின் சித்தமா என்று கேட்டார். க்ரூபர் வேதத்தைச் சுட்டி, ஆம் என்றார்; எருசலேமை அழித்த பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எப்படிக் கடவுளின் கையில் கோலாக இருந்தானோ அப்படியே ஹிட்லரும் என்றார். ஜெர்மனியின் துன்பத்தையும் கடவுளின் தண்டனையாகவே அவர் கண்டார், தம் மக்களைத் தப்பவிடவில்லை. சந்திப்பை எழுதிவைத்த ரூபன்ஸ்டைனும் அவரைப் பகைவராகக் காட்டவில்லை. சரித்திரத்தை நடத்தும் கடவுளை ஒருவர் முழுமையாக நம்பினால் இந்த மனிதர் சொன்னதைத்தான் சொல்லியாக வேண்டும், ஆகவே அந்தக் கடவுளை நான் நம்ப முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நான் ஜூன் 4 அன்று கேட்ட எல்லாமே க்ரூபரிடம் இருக்கிறது. தம்மையும் சேர்த்துக்கொண்டார். தம் நாட்டையும் விடவில்லை. விலை கொடுத்தார், உடலால் கொடுத்தார். எதிரியின் அலுவலகத்துக்கே போய் முகத்துக்கு நேரே பேசினார். இருந்தும் அவர் வாயிலிருந்து வந்த தீர்ப்பு, எரியுலைக்குப் போன குழந்தையின் தாயிடம் சொல்ல முடியாத தீர்ப்பு. நேர்மையான மனமும் தியாகமும் ஒருவரைக் கடவுளின் கணக்குப்புத்தகத்தைப் படிக்கத் தகுதியுள்ளவராக்குவதில்லை. ஆகவே அந்த அளவுகோல் போலிகளைக் காட்டிக்கொடுக்கும், அறிந்தவர் யார் என்று காட்டாது. 1947இல் தங்கள் தேசத்தின் குற்றத்தை அறிக்கையிட்ட ஜெர்மன் சபைத் தலைவர்களின் அதே குழு, 1948இல் யூதர்களைக் குறித்து விட்ட அறிக்கையில் அவர்கள்மேல் தொடரும் கடவுளின் நியாயத்தீர்ப்பைப் பற்றி எழுதியது, முகாம்கள் விடுவிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகளில்.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றி இயேசு பேசியதை இந்த இடத்தில்தான் நான் மறுபடி படிக்கிறேன். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற கேள்விக்கு அவர் சொன்னது "இல்லை". அதன்பின் உடனே கேட்டவர்களின் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். இறந்தவர்களைப் பற்றிய பேச்சு அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

ஜூன் 20

"அப்படியென்றால் தேசத்தின் பாவத்தைப் பற்றிப் பேசவே கூடாதா?" பேசலாம். 1865 மார்ச் 4 அன்று, உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்க அதிபர் லிங்கன் பேசியதைப் பாருங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் உரை. அவர் சபைத் தலைவரும் இல்லை, எந்தச் சபையிலும் அங்கத்தினராகச் சேர்ந்ததும் இல்லை. இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படித்தன, ஒரே கடவுளிடம் ஜெபித்தன. எவருடைய ஜெபமும் முழுமையாகக் கேட்கப்படவில்லை என்கிறார். அடிமை முறை ஒரு குற்றம் என்றும், அதற்காகவே இந்தப் போர் வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோமானால், சாட்டை வாங்கிய ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் வாள் வாங்கும் துளி ஈடாகும்வரை அது நீடித்தாலும், கடவுளின் தீர்ப்பு நீதியானது என்றே சொல்ல வேண்டியிருக்கும் என்கிறார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வென்றவர்களின் தலைவர், வென்றவர்களையும் கூண்டில் நிறுத்தி, அதையும் ஊகமாகவே வைக்கிறார். மக்களுக்கு இது உடனே பிடிக்காது என்று சில நாட்களில் கடிதமும் எழுதினார்: தங்கள் நோக்கமும் கடவுளின் நோக்கமும் வேறு என்று காட்டினால் யாருக்கும் மகிழ்ச்சி வராதாம்.

அடுத்த மாதம், பெரிய வெள்ளிக்கிழமையன்று, அவர் நாடக அரங்கில் சுடப்பட்டார். ஈஸ்டர் ஞாயிறன்று வடபுலத்தின் மேடைகளில் பலர், தோற்ற தெற்கின்மேல் லிங்கன் காட்டவிருந்த இரக்கம் அளவு மீறியது, ஆகவே கண்டிப்பான கைக்கு இடம் விடக் கடவுள் அவரை எடுத்துக்கொண்டார் என்று பிரசங்கித்தார்கள். வேறு சிலர் நாடகத்துக்குப் போனதைக் குறை சொன்னார்கள். அவர் விட்டுச்சென்ற எச்சரிக்கைக்கு ஏறத்தாழ ஆறு வாரம்தான் ஆயுள்.

ஜூன் 23

காந்தியைக் குறிப்பிட்டவருக்குச் சுருக்கமாக. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை என்று அவர் சொன்னது நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டத்தில்தான். தாகூர் மறுப்பு எழுதினார். காந்தி அதைத் தம் இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் தந்தார். தாகூரின் வாதத்தில் எனக்குக் கூர்மையாகப் படுவது இது: இந்த ஆயுதத்தை எதிர்த்தரப்பும் எடுத்துக்கொள்ளும். சனாதனிகள் எடுத்தே விட்டார்கள், காந்தியின் ஆலயப் பிரவேசப் பிரசாரத்துக்கான தண்டனை அது என்றார்கள். தீண்டாமை பாவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக முங்கேரில் ஒரு தலித் தொழிலாளியின்மேல் சுவர் விழ வேண்டிய நியாயம் என்ன என்பதற்கு மட்டும் காந்தியிடமும் பதில் இல்லை.

ஜூன் 28

எரேமியாவில் எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 28ஆம் அதிகாரத்தில், அனனியா என்பவர் இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவாலயத்தில் கூட்டத்தின் முன் அறிவிக்கிறார். எரேமியா உடனே மறுப்பு வெளிப்பாடு எதுவும் தருவதில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார், ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறார். அனனியா அவர் கழுத்திலிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். எரேமியா தம் வழியே போய்விடுகிறார். வார்த்தை வந்தது பிறகு. அழிவைச் சொல்லும்போது தாம் சொல்வது பொய்யாகட்டும் என்று விரும்பக்கூடியவர் அவர். நான் பார்த்த பிரசங்கியார்களிடம் காணாதது இந்த விருப்பம்தான்.

அதன்பின் 40ஆம் அதிகாரத்துக்குத் தாண்டுங்கள். நகரம் எரிந்து முடிந்தது, அவர் சொன்னதெல்லாம் சொன்னபடி நடந்தது. பாபிலோன் சேனாதிபதி நேபுசராதான் அவர் கைவிலங்கைக் கழற்றி, என்னோடு பாபிலோனுக்கு வா, உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், இல்லையானால் உனக்கு எது சரியோ அங்கே போ என்கிறார். வழிக்கு உணவும் வெகுமதியும் கொடுக்கிறார். எரேமியா மிஸ்பாவுக்குப் போய், தேசத்தில் மீதியாய் விடப்பட்ட ஏழைகளோடு தங்கினார். அந்த மக்களோ பிறகு அவர் பேச்சைக் கேளாமல், அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள். அது 43ஆம் அதிகாரம். இடையில் ஒரு கொலையும் இருக்கிறது, அதையும் விடாமல் படியுங்கள்.